கட்டிய கப்பலின் புகை: கரை மின்சாரத்தின் நெளிவு சுளிவுகள்

கப்பலைப் பெர்த்தில், அதாவது துறைமுகத்தில் கப்பல் அணைந்து நிற்கும் மேடையில், கயிற்றால் கட்டியதும் மெயின் என்ஜின் நின்றுவிடும். புகை நிற்காது. புகைபோக்கியின் உச்சியைக் கவனித்தால் ஐந்தாறு குழாய்கள் தெரியும். நடுவில் இருக்கும் பெரிய குழாய் மெயின் என்ஜினுடையது, அதில் இப்போது ஒன்றும் வராது. பக்கத்தில் இருக்கும் மெல்லிய குழாய்களில் ஒன்றிரண்டின் வாயில் மட்டும் இரவும் பகலும் சூடான காற்று நடுங்கிக்கொண்டே இருக்கும். அவை ஜெனரேட்டர்களின் குழாய்கள். இன்னொன்று பாய்லருடையது. துறைமுகத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களின் மூச்சுக்குள் போவது பெரும்பாலும் இந்தச் சின்னக் குழாய்களின் புகைதான்.

நிற்கிற கப்பலுக்கு எதற்கு அத்தனை மின்சாரம்? விளக்கு, ஏசி, சமையலறை, குளிர்விக்கும் பம்புகள், எரிபொருளைச் சுத்தம் செய்யும் பியூரிஃபையர், கப்பலை நிலைநிறுத்தும் நீரை ஏற்றி இறக்கும் பேலஸ்ட் பம்பு, கயிறு இழுக்கும் வின்ச், எல்லாமே அதில் ஓடுகின்றன. கண்டெய்னர் கப்பல் என்றால் ரீஃபர் எனப்படும் குளிர்பதனப் பெட்டிகளும் சேரும். ஒரு 40 அடி ரீஃபருக்குச் சராசரியாக 3 முதல் 4 கிலோவாட் என்று வைத்தால், இறால் ஏற்றிய 200 பெட்டிகளுக்கே 700 கிலோவாட் போய்விடும்.

மொத்தம் 2 மெகாவாட் எடுக்கும் ஒரு கப்பல் 24 மணி நேரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 48,000 யூனிட். ஜெனரேட்டரை ஓட்டும் துணை என்ஜின் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 220 கிராம் எரிபொருள் குடிக்கும். ஆக ஒரே நாளில் பத்தரை டன். அதிலிருந்து ஏறத்தாழ 34 டன் கரியமில வாயு. எரிபொருளில் கந்தகம் 0.5 சதவீதம் இருந்தால் (2020 முதல் உலகளாவிய உச்சவரம்பு இதுதான்) சுமார் 105 கிலோ கந்தக டையாக்சைடு. நைட்ரஜன் ஆக்சைடு இன்னும் மோசம். கப்பல் மாசைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தமான மார்போல் உடன்படிக்கையின் இரண்டாம் நிலை வரம்பு, 720 ஆர்பிஎம் என்ஜினுக்கு யூனிட்டுக்கு 9.7 கிராம் வரை அனுமதிக்கிறது. அந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு 465 கிலோ. இதைவிடக் கடுமையான மூன்றாம் நிலை வரம்பு, அறிவிக்கப்பட்ட மாசுக் கட்டுப்பாட்டுக் கடற்பகுதிகளில் மட்டும்தான் பொருந்தும். இந்தியக் கடல் அதில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத் துறைமுகங்களில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கட்டி நிற்கும் கப்பல் 0.1 சதவீதக் கந்தக எரிபொருளுக்கு மாறியாக வேண்டும் என்ற விதி 2010-லேயே வந்துவிட்டது. நம் துறைமுகங்களுக்கு அப்படி ஒன்று வந்தால், கேபிளும் கான்கிரீட்டும் இல்லாமலே பாதிக் காரியம் முடிந்துவிடும் என்பது என் எண்ணம்.

ஜெனரேட்டரை அடியோடு நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து கரண்ட் கொடுப்பதுதான் கரை மின்சாரம், துறைமுகப் பேச்சில் ஷோர் பவர். சுவீடனின் கோத்தன்பர்க் துறைமுகம் 2000-ல் ரோ-ரோ கப்பல்களுக்கு (வண்டிகள் நேராக ஏறி இறங்குபவை) உயரழுத்த மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. 2001-ல் அலாஸ்காவின் ஜூனோவில் சொகுசுக் கப்பல்களுக்கு, 2004-ல் லாஸ் ஏஞ்சலிஸில் கண்டெய்னர் கப்பல்களுக்கு. கலிஃபோர்னியா அதைச் சட்டமாக்கியது. ஐரோப்பாவில் 2030 ஜனவரி முதல் 5,000 டன்னேஜுக்கு மேற்பட்ட கண்டெய்னர், பயணிகள் கப்பல்கள் முக்கியத் துறைமுகங்களில் கரை மின்சாரத்தில் இணைந்தாக வேண்டும். இந்தியாவில் 2023 மே மாதம் வெளியான ‘ஹரித் சாகர்’ பசுமைத் துறைமுக வழிகாட்டுதலிலும் கரை மின்சாரம் இருக்கிறது. ஒரு டன் சரக்குக்கான கரிம உமிழ்வை 2030-க்குள் 30 சதவீதமும் 2047-க்குள் 70 சதவீதமும் குறைக்க வேண்டும் என்பது அதன் இலக்கு.

இலக்கு நல்லது. ஆனால் ஒரு டெண்டர் போட்டு, பெர்த்தில் ஒரு பெட்டியை நட்டுவைத்தால் வேலை முடிந்தது என்ற எண்ணம்தான் பல இடங்களில் பணத்தைத் தின்றிருக்கிறது. எங்கெங்கே சிக்கும் என்று பார்க்கலாம்.

முதல் சிக்கல் அதிர்வெண். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், கடல் கடந்து ஓடும் கப்பல்களில் பெரும்பாலானவை 60 ஹெர்ட்ஸ். 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்காகச் செய்த மோட்டாரை அதே 440 வோல்ட்டில், 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் உள்ளே காந்தப்புலம் 20 சதவீதம் கூடும். இரும்பு அதைத் தாங்காமல் சூடேறும். சரி, வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கலாம் என்றால் சூடு அடங்கும், வேகம் வராது. ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்த பம்பு, அழுத்தத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தை இழந்துவிடும். குளிர்நீர் மேல் தளத்துக்கு ஏறாது. அதனால் இடையில் அதிர்வெண் மாற்றி வேண்டும். செலவில் பெரிய பங்கு இதற்குத்தான் போகும், கேபிளுக்கு அல்ல. அமெரிக்காவின் கரை மின்சாரமே 60 ஹெர்ட்ஸ் என்பதால் லாஸ் ஏஞ்சலிஸுக்கு இந்தச் செலவு இல்லை. அங்கே போட்ட திட்ட மதிப்பீட்டை இங்கே அப்படியே எடுத்துவைக்கக் கூடாது.

அடுத்தது மின்னழுத்தம், அதாவது வோல்டேஜ். 440 வோல்ட்டில் 1,000 கேவிஏ (கிலோவாட் போலவே மின்சுமையின் அளவு) கொடுக்க 1,312 ஆம்பியர் வேண்டும். ஒரு கேபிளில் 350 ஆம்பியர் என்றால் நாலு கேபிள், ஒவ்வொன்றும் ஆள் தூக்க முடியாத கனம். அதே 1,000 கேவிஏ 6,600 வோல்ட்டில் வெறும் 87 ஆம்பியர். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐஇசியின் 80005-1 தரநிர்ணயம் கண்டெய்னர் கப்பலுக்கு 6.6 கிலோவோல்ட்டையும், சொகுசுக் கப்பலுக்கு 6.6 அல்லது 11 கிலோவோல்ட்டையும் வைத்திருப்பது இதனால்தான். 1,000 கேவிஏவுக்குள் அடங்கும் சின்னக் கப்பல்களுக்கு 80005-3 என்று தாழ்வழுத்தத்துக்குத் தனித் தரம் உண்டு. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடும் ஃபீடர் கப்பல்கள் (பெரிய துறைமுகத்துக்குப் பெட்டிகளைக் கொண்டுசேர்க்கும் சின்னக் கப்பல்கள்) பலவற்றில் உயரழுத்த வசதியே கிடையாது, 440 வோல்ட்தான். அந்தக் கப்பல்கள் வந்து நிற்கும் பெர்த்தில் 6.6 கிலோவோல்ட் மட்டும் வைத்தால் மாட்ட ஆளிருக்காது. எந்தப் பெர்த்துக்கு எந்தக் கப்பல் வருகிறது, அவற்றில் எத்தனைக்கு எந்த இணைப்பு இருக்கிறது என்று ஓராண்டு வருகைப் பதிவேட்டை உட்கார்ந்து பிரித்த பிறகுதான் வரைபடமே போட வேண்டும்.

கேபிள் யாருடையது என்பதும் கப்பல் வகையைப் பொறுத்து மாறும். கண்டெய்னர் பெர்த்தில் கிரேன் தண்டவாளம் ஓடுவதால் கரையில் கேபிள் வண்டிக்கு இடமில்லை. கப்பலின் பின்பக்கத்தில் இருக்கும் சுருளிலிருந்து இரண்டு கேபிள்கள் கீழே இறங்கும். பெர்த்தின் ஓரத்தில் குழிக்குள் சாக்கெட் காத்திருக்கும். சொகுசுக் கப்பலுக்கு நேர்மாறு, கரையிலிருந்து கேபிள் போகும். குழி சரியாகக் கப்பலின் சுருளுக்குக் கீழே அமையவில்லை என்றால் கப்பலை நகர்த்திக் கட்ட வேண்டும், கிரேன் திட்டம் கலையும், டெர்மினல்காரர்கள் முகம் சுளிப்பார்கள். நடைமுறையில் கரை மின்சாரம் கைவிடப்படுவது பல தடவை இந்த இருபது முப்பது மீட்டருக்காகத்தான்.

இனி இணைக்கும் முறை. கப்பல் கட்டியதும் இரு பக்கப் பொறுப்பாளர்களும் பேசி உறுதி செய்கிறார்கள். கரைப் பிரேக்கரும் (மின்பாதையைத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்) கப்பல் பிரேக்கரும் திறந்திருக்க வேண்டும், இரு முனைகளும் எர்த் செய்யப்பட்டிருக்க வேண்டும். கேபிள் இறங்குகிறது, பிளக் நுழைகிறது. அந்தப் பிளக்கின் முகத்தைக் கவனித்துப் பார்த்தால் அதன் அமைப்பிலேயே ஓர் ஒழுங்கு தெரியும். எர்த் முள் முதலில் தொடும், பிறகு மூன்று ஃபேஸ் முட்கள், கடைசியாகக் குட்டையான பைலட் முட்கள், இணைப்பு முழுமையா என்று காட்டும் சின்னச் சுற்றுக்கானவை. கழற்றும்போது வரிசை தலைகீழ். பைலட் முதலில் விடுபடும். விடுபட்ட கணமே பிரேக்கர் திறந்துவிடும். ஃபேஸ் முள் பிரிவதற்குள் அதில் கரண்ட் இருக்காது. ஆள் உயிரைக் காப்பது இந்தச் சில மில்லிமீட்டர் வித்தியாசம். பைலட் சுற்றில் கோளாறு வந்து அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று ஒரு ஒயரைப் போட்டு அதைக் குறுக்கே இணைத்துவிடுவதைப் போன்ற பாவம் வேறில்லை.

பைலட் சுற்று முழுமை பெற்ற பின் எர்த் சுவிட்சுகளைத் திறந்து, கரைப் பிரேக்கரைப் போடுகிறார்கள். முதல் முறை வரும் கப்பல் என்றால் ஃபேஸ் வரிசையைச் சோதிக்க வேண்டும். பிறகு கப்பலின் ஜெனரேட்டரைக் கரைக் கரண்டோடு ஒத்திசைத்து, இரண்டும் சேர்ந்து ஓடும் அந்தச் சில நொடிகளில் சுமையை மெல்லக் கரைக்கு மாற்றி, ஜெனரேட்டரை வெறுமனே ஓடவிட்டு ஆறிய பின் நிறுத்துகிறார்கள். பழகிய கப்பல், பழகிய பெர்த் என்றால் அரை மணி நேரம். புதிது என்றால் இரண்டு மணி நேரம்கூட ஆகும். ஆறு மணி நேரத்தில் கிளம்பும் கப்பலுக்கு இதில் எவ்வளவு மிச்சம் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

அந்தச் சில நொடிகளில்தான் பல இணைப்புகள் கவிழ்கின்றன. ஜெனரேட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஒரு மயிரிழை வேகமாக இருந்தால் கப்பலிலிருந்து கரைக்குச் சக்தி பாயும். சாதாரண மின்தொகுப்பு (கிரிட்) அதை விழுங்கிக்கொள்ளும். பல அதிர்வெண் மாற்றிகளால் முடியாது. அவற்றின் உள் டிசி வோல்டேஜ் ஏறி, தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். கப்பல் இருட்டாகும். டெண்டரிலேயே ‘எதிர்ச் சக்தியை இத்தனை கிலோவாட், இத்தனை நொடி தாங்க வேண்டும்’ என்று எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் பின்னால் அந்தச் சக்தியைச் சூடாக்கித் தீர்க்கும் ரெசிஸ்டர் பெட்டி வாங்கிப் பொருத்த நேரிடும்.

இன்னொன்று டிரான்ஸ்ஃபார்மர் எழும்பும்போது இழுக்கும் மின்னோட்டம். 440 வோல்ட் கப்பலில் 6.6 கிலோவோல்ட்டைக் குறைக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அதற்குத் திடீரென முழு வோல்டேஜ் கொடுத்தால், முதல் சில சுற்றுகளில் முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல எட்டுப் பத்து மடங்கு இழுக்கும். அதிர்வெண் மாற்றி தாங்குவது ஒன்றரை மடங்குக்குள்தான். கப்பலில் ஒரு விளக்குகூட எரியத் தொடங்குவதற்கு முன்பே ட்ரிப். இதற்கு மருந்து எளிது: மாற்றியின் வோல்டேஜைப் பூஜ்யத்திலிருந்து சில நொடிகளில் மெதுவாக ஏற்ற வேண்டும், அல்லது டிரான்ஸ்ஃபார்மரைச் சின்ன ரெசிஸ்டர் வழியாக முன்கூட்டியே காந்தமேற்ற வேண்டும். ஒரு பெர்த்தில் இரண்டு கப்பல்களுக்கு ஒரே மாற்றி என்றால் முதல் வழி உதவாது; ஒரு கப்பல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்.

பிளக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம். குழிக்குள் உப்புக் காற்று, மழைநீர், தூத்துக்குடியிலும் எண்ணூரிலும் என்றால் மேலே நிலக்கரித் தூசு வேறு. முள்ளின் மேல் படியும் மெல்லிய துரு, தொடுமின்தடையை ஒரு மில்லியோம் கூட்டினாலே போதும். 350 ஆம்பியரில் அந்த ஒரு புள்ளியில் 120 வாட்டுக்கு மேல் சூடு. மூடிய பிளக்குக்குள் அது போக இடமில்லை. ரப்பர் கெடும், காப்பு கருகும், ஒரு நாள் வெடிக்கும். குழியில் வடிகால் பம்பு, பயன்படுத்தாத நேரத்தில் ஈரத்தை விரட்டும் சின்ன ஹீட்டர், ஒவ்வொரு இணைப்புக்கு முன்பும் உலர்ந்த துணியால் துடைப்பது, ஓடும்போது தெர்மல் கேமராவால் பார்ப்பது. இவற்றின் செலவு மொத்தத் திட்டத்தில் தூசு. செய்யாமல் விடப்படுவதும் இவைதான்.

கேபிள் இழுவை சென்னையிலும் தூத்துக்குடியிலும் பெரிய தொல்லையில்லை, ஓதம் (கடல்மட்டம்) ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவில்தான். ஆனால் சரக்கு இறங்க இறங்கக் கப்பல் மீட்டர் கணக்கில் எழும். குஜராத்தின் காண்ட்லாவில் ஓதமே ஆறு ஏழு மீட்டர் என்பதால் அங்கே தானாகத் தளர்த்தி இழுக்கும் சுருள் இல்லாமல் நினைத்தே பார்க்க முடியாது.

பாய்லரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கடலில் ஓடும்போது என்ஜின் புகையின் வெப்பத்திலேயே நீராவி கிடைக்கும். கட்டி நிற்கும்போது அது இல்லை, எண்ணெய் எரித்துத்தான் பாய்லர் ஓடும், கனரக எரிபொருள் தொட்டிகளைச் சூடாக வைத்திருக்க அது வேண்டும். கரை மின்சாரம் கொடுத்தாலும் அந்தக் குழாயின் புகை தொடரும். நீராவி டர்பைனால் சரக்குப் பம்பு ஓட்டும் எண்ணெய்க் கப்பல்களில் புகையின் பெரும்பங்கே பாய்லருடையது. அங்கே கரை மின்சாரத்தில் கோடிகளைக் கொட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

இப்போது மனத்தை உறுத்தும் கணக்குக்கு வருகிறேன். கப்பலின் ஜெனரேட்டர் ஒரு யூனிட்டுக்கு வெளிவிடும் கரியமில வாயு சுமார் 0.70 கிலோ. மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி இந்திய மின்தொகுப்பின் சராசரி சுமார் 0.72 கிலோ. மாற்றியிலும் டிரான்ஸ்ஃபார்மர்களிலும் 5 சதவீதம் வீணானால் அது 0.76 ஆகிவிடும். அதாவது, வெறும் தொகுப்பு மின்சாரத்தைக் கொடுத்தால் புவி வெப்பமடைதலுக்கு நன்மை ஒன்றுமில்லை, சற்றே கெடுதல். ஜூனோவில் நீர்மின்சாரம் இருந்தது, அதனால் அங்கே கதை வேறு. தூத்துக்குடித் துறைமுகத்தின் பக்கத்திலேயே 1,050 மெகாவாட் அனல்மின் நிலையம் நிற்கிறது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வடசென்னை அனல்மின் நிலையம். கப்பலின் குட்டைப் புகைபோக்கியிலிருந்து பக்கத்து நெட்டைப் புகைபோக்கிக்குப் புகையை மாற்றிவிட்டுப் பசுமைத் துறைமுகம் என்று பலகை வைப்பது மக்களை ஏமாற்றுவது.

அதற்காகக் கரை மின்சாரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நைட்ரஜன் ஆக்சைடும் நுண்துகளும் குடியிருப்பை ஒட்டிய தாழ்ந்த உயரத்திலிருந்து விலகுவதே ராயபுரம் போன்ற இடங்களுக்குப் பெரிய நிவாரணம். ஆனால் கரிமக் கணக்கு சரியாக வேண்டுமென்றால் காற்றாலை அல்லது சூரிய மின்சாரத்துக்கான ஒப்பந்தம், கேபிள் ஒப்பந்தம் கையெழுத்தாகும் அதே நாளில் கையெழுத்தாக வேண்டும். தூத்துக்குடிக்கு அதில் குறையே இல்லை. கயத்தாறு, முப்பந்தல், ஆரல்வாய்மொழி எல்லாம் எட்டும் தூரம். ஆனி, ஆடியில் அள்ளிக் கொடுக்கும் காற்று மார்கழியில் கைவிரிக்கும், சூரியன் இரவில் இருக்காது. ஆண்டு மொத்தத்தை மட்டும் காட்டாமல் மாதவாரியாகவாவது கணக்கை வெளியிட வேண்டும்.

பணக் கணக்கும் இதே அளவு முக்கியம். தமிழ்நாட்டு உயரழுத்தக் கட்டண முறையில், ஒப்பந்தம் செய்த கேவிஏவில் 90 சதவீதம் அல்லது பதிவான உச்சம், எது அதிகமோ அதற்குத் தேவைக் கட்டணம் உண்டு. 2022 செப்டம்பர் திருத்தத்தில் அது தொழிற்சாலைகளுக்கு ஒரு கேவிஏவுக்கு மாதம் 550 ரூபாய்; பிறகு ஏறியிருக்கிறது. பழைய விலையிலேயே பார்த்தாலும் 4,000 கேவிஏ ஒப்பந்தத்துக்கு, ஒரு கப்பலும் மாட்டாத மாதத்திலும், 19.8 லட்சம் ரூபாய். மாதம் நாலு கப்பல், முன்பு பார்த்த 48,000 யூனிட் கணக்கில் தலைக்கு ஒரு நாள் மாட்டினால் இந்தக் கட்டணம் மட்டும் யூனிட்டுக்குப் பத்து ரூபாய்க்கு மேல். இருபது கப்பல் என்றால் இரண்டு ரூபாய்தான். அதன் மேல் யூனிட் விலை ஏழு ரூபாய் அளவில். கப்பல்காரருக்கோ, டன் 600 டாலர் எரிபொருளில் சொந்த ஜெனரேட்டர் யூனிட் சுமார் 11 ரூபாய்க்கு முடிகிறது. நாலு கப்பலில் 17 ரூபாய்க் கரண்டை எவரும் வாங்க மாட்டார்கள். ஆகவே எல்லாப் பெர்த்திலும் கொஞ்சம் கொஞ்சம் வைப்பதைவிட, வாராவாரம் அதே கப்பல்கள் வரும் ஒரு பெர்த்தில் வைத்து அதை நிரப்புவது மேல்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை, இழுவைப் படகுகள். இவை எங்கும் போவதில்லை, நாளின் பெரும்பகுதி ஜெட்டியில் காத்திருக்கின்றன. நம் ஊரில் கட்டியவை பலவும் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதிர்வெண் மாற்றியே தேவையில்லை. காத்திருக்கும் நேரத்தில் 20, 30 கிலோவாட்டுக்காக ஒரு ஜெனரேட்டர் குறைந்த சுமையில் ஓடி, சிலிண்டரில் கரி படிந்து, எண்ணெயும் கெட்டுப்போகிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட பசுமை இழுவைப் படகுத் திட்டத்தில் ஜவாஹர்லால் நேரு, தீனதயாள் (காண்ட்லா), பாரதீப் துறைமுகங்களோடு தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகமும் இருக்கிறது. புதுப் படகு வரும்வரை பழைய படகைப் புகைய விட வேண்டியதில்லை. 125 ஆம்பியர் சாக்கெட் ஒன்று 90 கேவிஏ வரை தரும். நீர் புகாத ஐபி67 வகையாக வாங்கி, ஜெட்டித் தளத்திலிருந்து இடுப்பு உயரத்துக்கு மேல் பொருத்தினால் போதும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஒன்று, தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர். அது இல்லாமல் படகின் உடலும் கரை எர்த்தும் ஒரே கம்பியில் சேர்ந்தால், படகைத் துருவிலிருந்து காக்கும் துத்தநாகக் கட்டிகள் ஜெட்டியின் இரும்புத் தூண்களையும் சேர்த்துக் காக்கத் தொடங்கும். அடுத்த முறை பழுதுபார்க்க டிரை டாக்கில் ஏற்றிப் பார்த்தால் கட்டிகள் இருந்த இடத்தில் போல்ட் மட்டும் மிஞ்சியிருக்கும். இரண்டு, ஃபேஸ் வரிசை ரிலே. ஜெட்டியில் யாரோ கேபிளைப் பழுது பார்த்து இரண்டு ஃபேஸை மாற்றிப் போட்டுவிட்டால் விளக்கு எரியும், ஏசியின் காற்றாடி சுற்றும், எல்லாம் சரியென்றே தோன்றும். தீயணைப்புப் பம்பு பின்பக்கமாகச் சுற்றுவது தீப்பிடிக்கும் அன்றைக்குத்தான் தெரியவரும். சில ஆயிரம் ரூபாய் ரிலே அதை முதல் நொடியிலேயே பிடித்துவிடும். ரிலே இருந்தாலும், ஒவ்வொரு கேபிள் பழுதுக்குப் பிறகும் அந்தப் பம்பை ஒரு தடவை போட்டு, உடலில் இருக்கும் அம்புக்குறியின் பக்கம்தான் சுற்றுகிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.